நின்றால் கொதிக்கும் எஞ்சின்

விழா மலருக்குத் தமிழாசிரியர் எழுதுங் கட்டுரை, மூவேந்தருள் ஒருவரைப் பற்றியோ சமயகுரவர் நால்வரைப் பற்றியோ அமைதல் வேண்டும் என்பது எழுதா விதி. அவ்விதியை இம்முறை மீறத் துணிந்தோம். நம்மிடம் யாப்பும் அணியுங் கேட்ட மாணவருட் பலர் இன்று மடுல்சீமைப் பக்கத்தில் வான் வைத்துப் பிழைக்கின்றனர். சிலர் கொழுந்து லொறி ஓட்டுகின்றனர். விடுமுறையில் அவர்களைச் சந்திக்கும்போது வெண்பாவைப் பற்றி எவரும் வினவுவதில்லை. "சேர், ஏற்றத்தில் ஒன்றுஞ் செய்யாத எஞ்சின் பதுளை டவுனில் நிற்கும்போது மட்டுங் கொதிக்கிறதே, அது ஏன்?" என்றுதான் வினவுகின்றனர். நம் தந்தையார் தோட்டத்து லொறிச் சாரதியாய் இருந்தவர். ஆகவே இவ்வினா நமக்குப் புதியதன்று. விடையும் ஓரளவு அவர் வழி வந்ததே.

வினா சிறிது, அதன் பின்னே நிற்குங் கவலை பெரிது. பட்டாவத்தை, ரோபேரி முதலாய தோட்டங்களிலிருந்து பதுளைப் பெரிய ஆசுபத்திரிக்குச் செல்வோர் மடுல்சீமைக்கு வந்து பசறை வழியாகப் பயணஞ் செய்தல் வேண்டும். பகலில் பஸ் உண்டு. நள்ளிரவில் ஒருத்திக்குப் பிரசவ வேதனை கண்டால் லயத்து வாசலுக்கு வரும் வண்டி பெரும்பாலும் இவ்வான்களுள் ஒன்றாகவே இருக்கும். அது வழியில் ஆவி கக்கி நின்றுவிடின் நேர்வதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இன்னும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டுந் திறந்துவிடப்பட்டது. இடையே 2022இல் ரூபாய் வீழ்ந்தபோது உதிரிப்பாகங்களின் விலை கைக்கெட்டா உயரஞ் சென்றது. இருபதும் முப்பதும் ஆண்டு கண்ட வண்டிகளே இன்னும் பலருக்குச் சோறிடுகின்றன. தவறான பாகத்தை மாற்றி ஒரு மாத வருவாயை இழத்தல் அக்குடும்பங்களுக்குத் தாங்கொணாச் செலவு. எனவே, நோயை அறியுமுன் மருந்து வாங்காதிருக்கும் வழியையே இங்குக் கூறப் புகுகின்றோம்.

எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சிய பங்கை நீரே சுமந்து சென்று வெளியே கொட்டுதல் வேண்டும். பம்பி அந்நீரை எஞ்சினின் உட்சுவர்களைச் சுற்றி ஓட்டி, முன்னே நிற்கும் ரேடியேற்றருக்கு அனுப்புகிறது. அங்கே நுண்ணிய குழாய்களில் இறங்கும் நீர், குழாய்களை ஒட்டிய மெல்லிய தகடுகளுக்கு வெப்பத்தை ஒப்படைக்க, தகடுகளினூடே பாயும் காற்று அதனை வாரிக்கொண்டு போகிறது.

இவ்விடத்தில் சொல்லொன்றைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஆசிரியத் தொழிலின் பழக்கம் விடுவதில்லை. ரேடியேற்றர் என்பதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கதிர்வீசி' என்று வரும். அக்கருவியோ தன் வெப்பத்தின் மிகச்சிறு பகுதியையே கதிராக வீசுகிறது. பெரும்பகுதியைக் கொண்டுபோவது காற்று. 'காற்றாற்றி' என்று பெயரிட்டிருந்தால், கொதிக்கும் எஞ்சினைக் கண்டதும் சாரதியின் எண்ணம் காற்றின் பக்கஞ் சென்றிருக்கும். இப்பொழுதோ, கொதித்தது நீராகையால் குற்றமும் நீரிலே என்று எண்ணி, நீரோடும் வழியையெல்லாம் கழற்றிப் பார்க்கின்றோம். நீர் வெறுஞ் சுமைதூக்கி. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டிகளை நம் பிள்ளைகள் கண்டிருப்பர். அவற்றின் அடியில் விசிறி காற்றை ஊதிக்கொண்டிருக்கும்வரை கொழுந்து பதமாக வாடும். விசிறி நின்றால் குவிந்த கொழுந்து தன்னுள்ளே சூடேறிச் சிவந்துவிடும். எஞ்சினின் கதையும் அதுவே. பதுளை வீதிகளில் ஓடும் முச்சக்கர வண்டிகளுட் பலவற்றிலும், பழைய வொக்ஸ்வாகன் வண்டுக் காரிலும், ரேடியேற்றர் நீரென்பதே இல்லை. விசிறிக் காற்றே அவ்வெஞ்சின்களைக் காக்கிறது. நீரின்றி எஞ்சின் அமைக்கலாம். காற்றின்றித் தரையில் ஓடும் வண்டியை அமைத்தல் அரிது.

இனி வினாவுக்கு வருவோம். வண்டி ஓடும்போது காற்று தானே முகத்தில் மோதுகிறது. விசிறிக்கு அப்போது வேலை மிகக் குறைவு. வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும் நிலையைக் கராஜ்காரர் 'ஸ்லோ' என்பர். நாம் நிலையோட்டம் என்போம். நிலையோட்டத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு எழுநூறு முதல் தொள்ளாயிரம் சுற்றே சுற்றும். பிறக்கும் வெப்பம் குறைவுதான். ஆயினும் நீரைத் தள்ளும் பம்பியும் மெதுவாகிறது, முகக்காற்றோ அறவே இல்லை. அப்பொழுது எல்லாப் பாரமும் விசிறியின்மேல் விழுகிறது. எனவே, நின்றாற் கொதித்து, புறப்பட்டு ஒரு மைல் செல்லுமுன் ஊசி இறங்கிவிடும் எஞ்சினில் முதற்கண் ஐயுற வேண்டியது காற்றின் வழியை. ஏற்றத்தில் கொதித்து, நின்றால் ஆறும் எஞ்சினில் நீரின் வழியை ஐயுறுக. நின்றாலும் ஏறினாலுங் கொதிப்பதாயின் இரண்டையும், அவற்றினும் பெரிய நோய்களையும் ஆராய வேண்டும். கருவிப்பெட்டியைத் திறக்குமுன் சாரதி தன்னையே கேட்க வேண்டிய கேள்வி, 'எங்கே, எப்போது கொதித்தது?' என்பதே.

இடமும் இங்கே சாட்சி சொல்லும். மடுல்சீமையில் காற்று ஓயாத திருப்பமொன்றில் அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு நின்றவருக்கு ஊசி அசைவதில்லை. அதே வண்டி, மலைகள் சூழ்ந்த பள்ளத்திலுள்ள பதுளைக் கடைவீதியில், முன்னும் பின்னும் பஸ் நிற்க, பத்து நிமிடத்தில் ஆவி விடும். "பதுளைத் தண்ணீர் சரியில்லை" என்று கூறிய சாரதி ஒருவரையும் அறிவோம்! மலையில் விசிறியின் வேலையை இயற்கைக் காற்றே செய்துவிட்டது. விசிறி செத்திருந்ததை மறைத்ததும் அக்காற்றே.

விசிறி இருவகை. புதிய கார்களில் அது மின்சாரத்தால் ஓடும். எஞ்சினைக் குளிர்ந்த நிலையிற் புறப்படுவித்து நிலையோட்டத்தில் விடுக. ஊசி நடுவைத் தொட்டுச் சற்றே ஏறும்போது விசிறி இரைந்து எழவேண்டும். எழவில்லையாயின் குளிர்சாதனத்தைப் போட்டுப் பார்க்க. பெரும்பாலான கார்களில் அவ்வாறு போட்டதும் விசிறி ஓடத் தொடங்கும். குளிர்சாதனத்துக்கு ஓடி, வெப்பத்துக்கு ஓடாத விசிறியில் மோட்டார் நலமே. நோய் வெப்பத்தை உணரும் சுவிட்சிலோ அதன் கம்பியிலோ உள்ளது. இரண்டுக்கும் ஓடாததாயின் பியூஸ், ரிலே, மோட்டார் என்னும் ஒழுங்கிற் பார்க்க. பற்றரியிலிருந்து நேரே கம்பி கொடுத்தபோது மோட்டார் சுழன்றால் அதை மாற்ற வேண்டியதில்லை. சுழலாத மோட்டாரை மரக்கட்டையால் மெல்லத் தட்ட, அது எழுந்து சுழல்வதுமுண்டு. அது குணமாகிவிட்டதாக மகிழவேண்டாம். உள்ளே கரித்துண்டுகள் தேய்ந்துவிட்டன. அடுத்த முறை தட்டுதற்கு இடம் வாய்க்காமற் போகலாம். மின்விசிறி, எஞ்சினை நிறுத்திய பின்னருங்கூடச் சில வண்டிகளில் தானே சுழலத் தொடங்கும். ஆதலால் பற்றரிக் கம்பியைக் கழற்றாமல் அதனருகே விரலை நீட்டற்க.

பழைய வான்களிலும் லொறிகளிலும் விசிறியை எஞ்சினே பட்டியால் சுழற்றுகிறது. பட்டியின் நீண்ட பகுதியின் நடுவிற் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குல அளவே இறங்கவேண்டும். மிகத் தளர்ந்த பட்டி வழுக்கும். வழுக்கினால் விசிறியோடு பம்பியும் சோர்ந்துவிடும். டீசல் வான்கள் பலவற்றில் விசிறிக்கும் அச்சுக்கும் இடையே தடித்த எண்ணெய் அடைத்த இணைப்பொன்று உண்டு. சூடேறும்போது அது இறுகி விசிறியை வேகமாய்ச் சுழற்றும். குளிரும்போது தளர்ந்து எண்ணெய்ச் செலவை மிச்சப்படுத்தும். நாட்பட அதன் எண்ணெய் கசிந்துவிடும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் இட்டபின், விசிறியைக் கையாற் சுண்டிப் பார்க்க. தடையுடன் சிறிது நகர்ந்து நின்றால் நலம். காற்றாடிபோல் பல சுற்றுச் சுற்றினால் இணைப்பு இறந்துவிட்டது. அதன் நடுவில் எண்ணெயும் புழுதியும் கலந்த கறை படிந்திருப்பின் வேறு சான்று தேவையில்லை.

விசிறி சுழல்கிறது என்பதாலேயே காற்று வருகிறது என்று கொள்ளற்க. இதற்கு நாம் கையாளும் பரீட்சை மிக எளிது. பரீட்சைத் தாளொன்றே போதும். விசிறி வேகமாய்ச் சுழலும்போது தாளை வண்டியின் முன்புறத்து வலைமீது பிடித்தால், அது உள்ளே இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் வெளியே தள்ளப்பட்டால், மின்விசிறியின் கம்பிகள் மாறிப் பூட்டப்பட்டு அது எதிர்ப்புறம் ஊதுகிறது என்க. சில இடங்களில் ஒட்டிச் சில இடங்களில் விழுமாயின் வழி அடைபட்டிருக்கிறது, அல்லது விசிறியைச் சூழ்ந்த கூடு இல்லை.

இக்கூட்டைப் பற்றி ஒரு செய்தி. நம் பழைய மாணவர் ஒருவரின் வான் நின்றாற் கொதித்தது. கராஜ் ஒன்றில் முதலில் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்தனர். பயனில்லை. பின் ரேடியேற்றரைக் கழற்றி உட்புறம் அடைப்பெடுத்தனர். அதற்கும் பணம் வாங்கினர். மூன்றாம் முறை, எஞ்சினின் தலையையே கழற்றவேண்டும் என்றனர். அவர் கடன் கேட்கப் புறப்பட்ட நாளில் வழியில் நம்மைக் கண்டார். தாளைப் பிடித்தோம், நடுவில் ஒட்டிற்று, நான்கு மூலையிலும் உதிர்ந்தது. குனிந்து பார்த்தால் விசிறியைச் சுற்றியிருக்கவேண்டிய பிளாத்திக்குக் கூடு இல்லை. சில மாதங்களுக்கு முன் பட்டி மாற்றியபோது, கைக்குத் தடையாக இருக்கிறதென்று கழற்றி மூலையிற் போட்டிருக்கின்றனர். அது தூசு படிந்து அங்கேயே கிடந்தது. கூடில்லாத விசிறி, ரேடியேற்றரினூடே காற்றை இழுப்பதற்குப் பதில் தன்னைச் சுற்றிய காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றும். கூட்டை மாட்டிய அன்றே வான் ஆறிற்று. கடன் வாங்கவில்லை.

அடுத்து, தகடுகளின் அடைப்பு. தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து ஈரம் இழந்து ஊவாவுக்குள் வறண்டு வீசும் யூலை, ஆகஸ்டு மாதங்களில் நம் தேயிலைக்கு மணம் ஏறுகிறது. நம் ரேடியேற்றர்களுக்குப் புழுதி ஏறுகிறது. தோட்டப் பாதைச் செம்மண்ணும், பற்றனைப் புல்லின் பூம்பஞ்சும், வண்டினங்களும் தகடுகளின் இடையே ஒட்டி, மழை வந்ததும் சாந்தாக இறுகிவிடும். குளிர்சாதனமுள்ள வண்டியில் ரேடியேற்றருக்கு முன்னே இன்னொரு தகட்டுப் பலகை நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவே தெரியும்; அது துப்புரவாயிருக்க, இரண்டுக்கும் நடுவிலே குப்பை மெத்தையாய்க் கிடக்கும். எஞ்சின் ஆறியபின், உள்ளிருந்து வெளியே போகும்படி மெல்லிய நீர்த்தாரையாற் கழுவுக. கார் கழுவும் நிலையத்தின் வேகத்தாரையைக் கிட்டப் பிடித்தால் தகடுகள் மடிந்து, இருந்த வழியும் அடைபடும்.

காற்றின் வழி நலமெனக் கண்டபின்னரே நீரின் பக்கஞ் செல்க. நீர் மட்டம் பார்ப்பது மட்டும் இதற்கு விலக்கு; அதனை எவ்வாராய்ச்சிக்கும் முன், எஞ்சின் முற்றாக ஆறியிருக்கும் காலையிற் பார்த்தல் வேண்டும். மட்டம் நாடோறுங் குறையுமாயின் கசிவைத் தேடுக.

ரேடியேற்றர் மூடியைப் பலர் வெறும் மூடியென்றே கருதுவர். மலைநாட்டாருக்கு அது உயிர்நிலை. கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் நீர், ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு பாகை முன்னரே கொதித்துவிடும். ஏறத்தாழ 680 மீற்றர் உயரமுள்ள பதுளையில் 98 பாகைக்குச் சற்றுக் கீழேயும், 1868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் 94 பாகை அளவிலும் அது கொதிக்கும். எஞ்சினோ தொண்ணூறு பாகையை ஒட்டியே வேலை செய்வது. இடைவெளி எவ்வளவு ஒடுங்கியது என்பதைப் பாருங்கள். மூடியின் வில்லும் ரப்பர் வளையமும் உள்ளே அழுத்தத்தைக் காப்பதால், கொதிநிலை 120 பாகையை நெருங்கும் அளவுக்கு உயர்கிறது. வில் தளர்ந்த மூடி அழுத்தத்தை விட்டுவிடும். ஊசி அபாயக் கோட்டைத் தொடாமலே நீர் பொங்கி வழியும். மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்த எண்ணுக்கு ஒத்த புதியதொன்றை மாட்டுதல் மலிவான வைத்தியம். அவ்வழுத்தமே ஆபத்துமாகும். சூடான எஞ்சினின் மூடியைத் திறப்பவர்மீது, அதுவரை அடங்கியிருந்த நீர் கணத்தில் ஆவியாகிப் பாயும். முகம் வெந்து ஆசுபத்திரியிற் கிடந்தவரைக் கண்டிருக்கின்றோம். ஈரத்துணியிட்டுத் திறக்கலாம் என்பாரை நம்பற்க. குறைந்தது அரைமணி நேரம் பொறுக்க.

தேர்மோஸ்ரற் என்பது எஞ்சின் சூடேறும்வரை ரேடியேற்றருக்குப் போகும் வழியை மூடிவைத்து, ஏறத்தாழ 82 முதல் 88 பாகைக்குள் திறந்துவிடும் சிறு கதவு. ஐயமிருப்பின் அதனைக் கழற்றி, சட்டியில் நீரிட்டு அடுப்பிலேற்றிப் பார்க்கலாம். நீர் கொதிக்குமுன் அது வாய் திறக்கவேண்டும். மலைநாட்டில் அதனை நிரந்தரமாக நீக்கிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. நாம் அதற்கு உடன்படோம். இரவின் குளிரில் எஞ்சின் தக்க வெப்பத்தை அடையாமல் எண்ணெயைக் குடிக்கும். அன்றியும், சில எஞ்சின்களில் ரேடியேற்றரைத் தொடாத சுற்றுவழியொன்றை அடைப்பதும் அக்கதவே. அதனை நீக்கினால் நீரின் ஒரு பகுதி ஆறாமலே திரும்பிவிடும். கொதிப்பைத் தடுக்கச் செய்த காரியம் கொதிப்பைக் கூட்டும்.

பம்பியின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே நீர் சொட்டினால் பம்பியின் ஆயுள் முடிந்தது என்க. வழியோர ஓடைநீரை ஆண்டுக்கணக்காய் ஊற்றிய வண்டிகளில் துருவும் சேறும் குழாய்களை அடைப்பதோடு, பம்பியின் இறகுகளையும் அரித்துவிடும். இறகு தேய்ந்த பம்பி வேகத்தில் ஒருவாறு நீரைத் தள்ளி, நிலையோட்டத்திற் சோர்ந்துபோம். ஆகையால் காற்றுக்குற்றம்போலவே இதுவும் நின்றாற்றான் தோன்றும். விசிறி நலமாயிருந்தும் நின்றாற் கொதிக்கும் பழைய வண்டியில் இதனை மறவாது பார்க்கவேண்டும். துருத்தடுக்கும் குளிரூட்டித் திரவத்தை உரிய அளவிற் கலந்து ஊற்றுதல் இதற்குத் தடுப்பு. அவசரத்துக்கு ஓடைநீர் ஊற்றுவதைக் குறைகூறமாட்டோம். வீடு சேர்ந்தபின் அதனை வடித்து மாற்றாமையே குற்றம்.

எல்லாம் நலமாயிருந்துங் கொதிப்பு நீங்காவிடின் தலையடித் தகடான கஸ்கெற்றை நோக்குக. குளிர்ந்த எஞ்சினைப் புறப்படுவித்த ஓரிரு நிமிடங்களிலேயே மேற்குழாய் கல்லாய் இறுகுதல், மீதிநீர்ப் போத்தலில் ஓயாது குமிழி எழுதல், காரணமின்றி நீர் குறைதல், எண்ணெய் பாலேறிய தேநீர் நிறங் கொள்ளுதல் ஆகியவை அதன் குறிகள். இக்குறிகளுள் ஒன்றேனும் காணாமல் தலையைக் கழற்றச் சொல்வாரிடம், 'எக்குறியைக் கண்டீர்கள்?' எனக் கேட்கும் உரிமை வண்டிக்காரனுக்கு உண்டு.

நடுவழியில் ஊசி ஏறிவிட்டால் செய்யத்தக்கன சில. குளிர்சாதனத்தை நிறுத்துக. வெப்பமூட்டி உள்ள வண்டியாயின் அதனை முழு அளவில் திறக்க. உள்ளே இருப்போர் வியர்ப்பர், எஞ்சின் சிறிது மூச்சுவிடும். பட்டியால் ஓடும் விசிறியாயின், நின்ற நிலையில் அக்சிலேற்றரை மெல்ல மிதித்து நிமிடத்துக்கு ஆயிரத்தைந்நூறு சுற்றில் வைத்தால் விசிறியும் பம்பியும் விரைவு கொள்ளும்; ஊசி இறங்கினாலும் இறங்கும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ ஆவி கண்டாலோ உடனே எஞ்சினை நிறுத்துக. சூடேறிய இரும்பின்மீது வாளிநீரை வீசினால் தலை வெடிக்கும்; அவ்வாறு வெடித்த தலைகள் கராஜ்களின் பின்புறத்திற் குவிந்து கிடப்பதை எவருங் காணலாம்.

திருத்தியபின் வண்டியை மலையில் ஓட்டிப் பார்த்து நலமெனக் கொள்வது பயனற்றது. அங்கே அது முன்னரும் நலமாகத்தானே இருந்தது. பதுளையில், நண்பகல் வெயிலில், காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தி, குளிர்சாதனம் இல்லாமல் நிலையோட்டத்தில் அரைமணி நேரம் விடுக. மின்விசிறியாயின் அது எழும், ஊசி சற்று இறங்கும், விசிறி ஓயும், மீண்டும் எழும்; இவ்வாறு மூன்று முறை நிகழக் கண்டபின், குளிர்சாதனத்தையும் போட்டு மேலும் கால்மணி நேரம் பார்க்க. பட்டி விசிறியாயின் அவ்வரைமணி நேரமும் ஊசி ஓரிடத்திலேயே நிற்றல் வேண்டும். அவ்வாறு நின்ற வண்டியை எந்த நள்ளிரவிலும் லயத்து வாசலுக்குக் கொண்டு செல்லலாம்.